ஒரே ஊசியின் கோடு

வர்ஷினி தரையில் பரப்பி வைத்திருந்த காகிதங்களில் ஆறு காகிதத்தில் முத்துப்பேச்சியின் புருஷன் செத்துக் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. லைன் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. கழுவிய கறியைச் சட்டியில் போட்டு மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், எதையும் மிதித்துவிடக் கூடாதே என்று குனிந்தபோதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. இசக்கிமுத்து. பதின்மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது.

“மிதிச்சிராதம்மா. எல்லாம் ஆதாரம்” என்றாள் வர்ஷினி.

“ஆதாரா? அது பெட்டிக்குள்ளல்லா கெடக்கு.”

“ஆதார் கார்டு இல்லம்மா. ஆதாரம். நான் எழுதுறதுக்குச் சாட்சி.”

வர்ஷினி எம்.ஏ. சமூகப்பணி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சாயப்பட்டறைத் தொட்டிகளில் இறங்கிச் செத்தவர்களைப் பற்றி ஆய்வு. இணையத்தில் தேடித் தேடி ஒவ்வொரு சாவையும் அச்செடுத்து, பெரிய அட்டவணை ஒன்றில் ஏற்றி வந்தாள். பெயர், வயது, ஊர், சாவுக்குக் காரணம், எத்தனை பேர் அதை எழுதியிருக்கிறார்கள், எவ்வளவு நம்பலாம். அவளுடைய பிரிசில்லா மேடம் முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார். ஒருவர் சொன்னால் அது பேச்சு, இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் தகவல். மற்ற சாவுகளுக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைத்தன. அப்பாவுக்கு மட்டும் ஆறு. அட்டவணையில் அவனுடைய வரிசையில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘மது’ என்றும், ‘நம்பகம்’ என்ற கட்டத்தில் ‘மிக அதிகம்’ என்றும் பெற்ற பெண்ணே எழுதி வைத்திருந்தாள். எப்படி எழுத மனசு வந்தது என்று முத்துப்பேச்சி கேட்கவில்லை. கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தாளு குடிச்சுச் செத்தான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவளே அவள்தானே.

இசக்கிமுத்து குடிக்காதவன் என்று அவனைப் பெற்றவள்கூடச் சத்தியம் பண்ண மாட்டாள். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலிலிருந்து கல்யாணமான மறுவருஷமே பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போனாள், அவன் சாயப்பட்டறைக்குப் போனான். சனிக்கிழமை ஆனால் அவனைத் தேடிப் பிடித்துத் தூக்கி வருவதே அவளுக்கு ஓவர்டைம். ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் அவன் விழுந்து கிடந்தான். எட்டு வயது வர்ஷினி, இவர் யார் என்றே தெரியாது என்பதுபோலத் தாண்டிப் போனாள். மறுநாளிலிருந்து அவன் குடிக்கவில்லை. கோயிலில் கயிறு கட்டவில்லை, யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்யவில்லை, சும்மா நிறுத்திவிட்டான். முத்துப்பேச்சி நம்புகிற ஆளா? தினமும் வீட்டு வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொல்வாள். “கம்பெனில பீஸப் பாக்கது காணாதுன்னு வீட்டுலயும் செக்கிங்கா” என்று சிரித்துக்கொண்டே ஊதிக் காட்டுவான். அப்படி ஏழு மாசம். ஒருநாள்கூட அவள் மூக்கில் எதுவும் சிக்கியதில்லை.

ஏழாவது மாசம் ஒரு வியாழக்கிழமை, கழிவுத்தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது என்று இறங்கியவன் ஏறவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் காத்துக் கிடந்தபோது அவளுடைய அண்ணன் மொக்கைச்சாமி போனை நீட்டினான். மதுபோதையில் தொட்டியில் விழுந்து தொழிலாளி பலி. இவள் நம்பவில்லை. அவன் இன்னொன்றைக் காட்டினான். பிறகு இன்னொன்று. “ஆறு பேரு போட்டிருக்கான் தாயி. ஆறு பேருமா பொய் சொல்லுவான்?” கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று என்று கேட்கலாம். ஆனால் ஆறு பேர் வடிகிறது என்றால் கேழ்வரகைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ஏழு மாசமும் ஏதோ பாக்கையோ ஏலக்காயையோ மென்று தன் மூக்கை ஏமாற்றியிருக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. செத்ததைவிட அதுதான் அவளைக் கொன்றது.

தெருவில் கிடத்தியபோது உடம்பு நீலம் பாரித்து, நகக்கண்ணெல்லாம் சாயமாக இருந்தது. வாய்க்கரிசித் தட்டைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்கள். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “எனக்கும் எம்புள்ளைக்கும் வாயில மண்ணப் போட்டுட்டுப் போன ஆளு வாயில நான் அரிசி போட மாட்டேன்” என்றாள். பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தூக்கிக்கொண்டு போகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் அவன் படம் மாட்டவில்லை, திதி கொடுக்கவில்லை, பேச நேர்ந்தால் ‘அந்தாளு’ என்பதோடு சரி.

இப்போது அந்த ஆறு காகிதத்துக்கும் நடுவில் அவள் உட்கார்ந்தாள். படிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இருபது வருஷமாக வெளிச்சத்துக்கு அடியில் துணியை விரித்து, ஓட்டை, அழுக்கு, நூல் விட்ட இடம் என்று தேடித் தேடிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய கண், எதை விரித்தாலும் தானாகவே தப்பைத் தேடியது. முதல் காகிதத்தில் வயது இருபத்தெட்டு என்று இருந்தது. செத்தபோது அவனுக்கு முப்பத்தாறு. இரண்டாவதிலும் இருபத்தெட்டு. மூன்றாவதில் ‘விழுந்து’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘விழந்து’ என்று இருந்தது. அவள் முதல் காகிதத்துக்குத் திரும்பிப் போனாள். அதிலும் ‘விழந்து’. ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாள். ஆறிலும் இருபத்தெட்டு. ஆறிலும் ‘விழந்து’.

“ஏட்டி, இங்க வா.”

வர்ஷினி எழுந்து வந்தாள்.

“ஒரு லாட்டுல ஆறு பீஸ எடுக்கேன். ஆறுலயும் ஒரே எடத்துல நெட்டுக்க ஒரு கோடு ஓடுது. துணி பின்னுத ஆறு மிசின்லயுமா ஊசி ஒடஞ்சிருக்கும்?”

வர்ஷினி காகிதங்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“ஒரே ஊசி” என்றாள் முத்துப்பேச்சி. “ஒரே மிசின்ல, ஒரே ஊசி. மத்ததெல்லாம் அந்தத் துணிய வெட்டித் தச்சது.”

ஆறு பேர் எழுதவில்லை. ஒருவன் எழுதியதை மற்றவர்கள் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ‘தனித்தனியாக’ என்று மேடம் அழுத்திச் சொன்ன வார்த்தையைத் தான் கேட்டும் கேட்காமல் விட்டுவிட்டோம் என்று வர்ஷினி நினைத்தாள். பேனாவை எடுத்து ‘மிக அதிகம்’ என்பதை அடித்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் கட்டத்தைக் காலியாக விட்டாள். அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஒட்டியவர்களில் ஒருவன் மட்டும் கொஞ்சம் நாணயமானவன். அடியில் பொடி எழுத்தில் ‘நன்றி’ என்று போட்டு, செய்தியைத் தந்தவரின் பெயரையும் போட்டிருந்தான். செல்வக்குமார். அந்தக் காலத்தில் சொந்தமாக ஒரு செய்தித்தளம் நடத்தியவன், இப்போது பிளக்ஸ் பேனர் அடிக்கிறான். அவனுடைய தளம் மூடிப் பல வருஷமாயிற்று. அசல் செத்துப்போய் நகல்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து அவனுடைய கடைக்குப் போனார்கள். காதுகுத்து பேனர் ஒன்று மிசினிலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. செல்வக்குமாருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. மறக்க முடியாத செய்தியாம் அது.

“நான் போட்ட நியூஸ மொதத் தடவ மத்தவங்க எடுத்தது அதுதானுங்க. ஆறு பேரு எடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே வர்லீங்க, அத்தன சந்தோசம்.”

சொன்ன பிறகுதான் எதிரில் நிற்பது யார் என்று கேட்டான். கேட்டதும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னான். முத்துப்பேச்சி உட்காரவில்லை.

“நேர்ல போய்ப் பாத்தீங்களா?” என்றாள் வர்ஷினி.

“இல்லீங்க. வண்டி இல்ல அப்ப. கம்பெனிக்குப் போன் பண்ணுனேன். வாட்ச்மேன் எடுத்தாரு. வெள்ளியங்கிரின்னு பேரு. அவரு சொன்னதத்தானுங்க எழுதுனேன். ‘ஆளு தண்ணீல இருந்தாருங்க’ன்னார். அப்படியே போட்டா நல்லா இருக்காதுன்னுதான் மதுபோதைன்னு மரியாதையா எழுதுனேன். நானா எதும் சேக்கலீங்க.”

வயது? வயது அவனுக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாகப் போட்டிருப்பான்.

கடையை விட்டு வெளியே வந்ததும் வர்ஷினி சொன்னாள், அப்படியென்றால் ஒருவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார், பார்த்தவரையே கேட்டுவிடலாம் என்று. போஸ்ட்மார்ட்டம் காகிதம் பெட்டிக்குள் இருந்தது. அதில் மூச்சுத்திணறல் என்று இருந்ததே தவிர, குடித்திருந்தானா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. முத்துப்பேச்சி முன்னால் நடந்தாள். பார்த்தவரும் ஆமாம் குடித்திருந்தான் என்று சொல்லிவிட்டால் நல்லது என்று அவளுடைய மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. வெட்கம்தான், ஆனாலும் வேண்டிக்கொண்டது. அவன் குடித்துத்தான் செத்தான் என்றால் அவள் செய்தது கோபம். இல்லை என்றால் அவள் செய்ததற்கு என்ன பெயர்?

வெள்ளியங்கிரி வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு சொந்த ஊரான கொமரலிங்கத்துக்கே போய்விட்டார் என்று பழைய ஆட்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி, உடுமலையில் இறங்கி வேறு பஸ் மாறினார்கள். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்த காட்டைத் தாண்டும்போது வர்ஷினி நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

“அன்னைக்குக் காலைல அப்பா எப்படி இருந்தாரும்மா?”

“எப்படின்னா?”

“உன் மூக்குக்கு என்ன தெரிஞ்சுச்சு?”

முத்துப்பேச்சி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒண்ணும் தெரியல. சுத்தமா இருந்தாக. ராத்திரி வச்ச புளிக்கொழம்ப ஊத்தித் தின்னுட்டுப் போனாக.”

“அதுக்கு முந்தின நாளு?”

“அன்னைக்கும் சுத்தந்தான்.”

“அப்புறம் எப்படிம்மா போன்ல இருந்தத நம்புன?”

கேட்டிருக்கக் கூடாது என்று வர்ஷினி நினைத்தாள். அம்மாவின் கையைப் பிடிக்கலாம் என்று போனாள். கை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி முறுக்கிக்கொண்டிருந்தது, பிடிக்க இடம் கொடுக்கவில்லை.

வாய்க்காலை ஒட்டித் தென்னந்தோப்பு, அதன் நடுவில் வீடு. வெள்ளியங்கிரிக்கு எழுபது இருக்கும். அவருடைய மனைவி மயிலாள் யார் எவர் என்று கேட்பதற்கு முன்பே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

“இசக்கி ஊட்டு அம்மிணிங்களா? அந்தச் சின்னப்புள்ளையா இது? உக்காருங்க சாமி, உக்காருங்க.”

வர்ஷினி பேசுவதைப் பதிவு செய்யலாமா என்று கேட்டுப் போனைக் கட்டில் மேல் வைத்தாள். மேடம் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே கேட்டாள். அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தீர்களா, உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, யாரும் சொல்லிக் கேட்டீர்களா. அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

“ஒரு நிருபர் போன் பண்ணினாருங்களா?”

“பண்ணுனாரு கண்ணு. ஆரோ ஒருத்தரு. ஆபீசு ரூம்ல போனு அடிச்சுது. ஓனரு எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடீட்டாங்க. நாந்தான் எடுத்தேன்.”

“என்னங்க சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்றது? நடந்ததச் சொன்னேன். ஆளு தண்ணீல இருந்தாருங்க, நாங்க மூணு பேரு எறங்கி எடுத்தமுங்க, உசுரு இல்லீங்கன்னு சொன்னேன். மறுக்கா எங்க இருந்தாருன்னு கேட்டாரு. தண்ணீலதானுங்கன்னு சொன்னேன்.”

“தண்ணீலன்னா?”

பெரியவர் அவளை விநோதமாகப் பார்த்தார். படித்த பிள்ளை தண்ணீர் என்றால் என்ன என்று கேட்கிறதே என்று நினைத்திருக்க வேண்டும். “சாயத்தண்ணீல கண்ணு. தொட்டீல. இடுப்பு மட்டுக்கும் கெடந்துச்சு. மண்டி போட்டாப்பல குப்புற இருந்தாரு. மூக்குல துண்டக் கட்டீட்டு எறங்குனோம்.”

தோப்புக்குள் எங்கேயோ ஒரு மட்டை விழுந்தது. வர்ஷினியின் பேனா நின்றுவிட்டது. சொன்னவர் பொய் சொல்லவில்லை, கேட்டவனும் இட்டுக்கட்டவில்லை. ஊர் முழுக்க எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற ஒரு வார்த்தை, ஒருவர் வாயிலிருந்து கிளம்பும்போது தண்ணீராக இருந்தது, இன்னொருவன் காதுக்குள் போய் இறங்கும்போது சாராயமாகிவிட்டது. ஆறு பேர் அதை எடுத்துப் போட்டார்கள். முத்துப்பேச்சியின் அண்ணன் படித்துக் காட்டினான். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“குடிச்சிருந்தாகளா?” என்றாள் முத்துப்பேச்சி.

“ஆரு, இசக்கியா?” பெரியவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “ஏனுங்க அம்மிணி, அவரு நான் குடிச்சுப்போட்டுப் போனாலே கிட்டக்க உக்கார மாட்டாருங்க. டீக்கடைல நாலடி தள்ளி உக்காந்துக்குவாரு. ஏப்பா இப்படிப் பண்றேன்னு கேட்டா, ‘அண்ணாச்சி, வீட்டுல மோந்து பாப்பா. ஒம்ம மேல இருக்க வாடை எம்மேல ஒட்டுச்சுன்னா நான் மாட்டிக்கிடுவேன்’னு சொல்லுவாரு. உங்களக் கண்டா அத்தன பயமுங்க அவருக்கு. அன்னிக்குங் காத்தால என்ற கூடத்தான் டீ குடிச்சாரு. அதே மாதர தள்ளி உக்காந்துட்டுத்தான்.”

முத்துப்பேச்சி அழவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காற்று போதவில்லை. அவன் அந்தத் தொட்டிக்குள் எப்படி மூச்சுக்குத் தவித்திருப்பான் என்று பதின்மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடத் தான் நினைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குடித்தவனுக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது என்று விட்டுவிட்டிருந்தாள்.

தாங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம், எதை நம்பினோம், ஊரெல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று வர்ஷினி மெல்ல மெல்ல எடுத்துச் சொன்னாள். பெரியவருக்கு அதெல்லாம் புதிதாக இருந்தது. அவரிடம் அப்படிப்பட்ட போனும் இல்லை, படிப்பும் இல்லை. கேட்கக் கேட்க அவருடைய முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“என்ற வாயில வந்த வார்த்தைங்களா அது” என்றார். “அதனாலயா நீங்க அன்னிக்கு அரிசி போடாம உள்ள போய்ட்டீங்க? நான் அங்கதானுங்க நின்னேன். கம்பெனிக்காரங்க மேல இருக்கற கோவமாக்கும்னு நெனச்சேன்.”

முத்துப்பேச்சி தலையை நிமிர்த்தினாள்.

“வெறும் வாயோட போறாரேன்னு மனசு கேக்கலீங்க. எங்க சனமில்ல, எங்க ஊருமில்ல. செய்யலாமா கூடாதான்னுகூடத் தெரியாது. தட்டுல இருந்த அரிசிய அள்ளி நாந்தானுங்க போட்டேன். என்ற ஊட்டுக்காரிகிட்டக்கூடச் சொல்லல.”

மயிலாள் புருஷனைப் பார்த்தார். வர்ஷினி போனை அணைக்கக் கையை நீட்டினாள், நீட்டிய கை பாதியில் நின்றது. முத்துப்பேச்சி எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“எந்தக் கையால போட்டீக?”

பெரியவர் ஒன்றும் புரியாமல் வலது கையைப் பார்த்தார். பிறகு அதை நீட்டினார். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை. உரித்த தேங்காய் நார் ஒன்று விரலிடுக்கில் ஒட்டியிருந்தது. புருஷன் செத்த நாளிலிருந்து வேற்று ஆண் ஒருவரின் கையைத் தொடாத முத்துப்பேச்சி, அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. கையை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வெள்ளியங்கிரி அதை அப்படியே விட்டுவிட்டு நின்றார். கட்டில் மேல் போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.